ஒரே தாளில் இரண்டு கொடிகள்

காலை பத்து மணிக்குக் களப்பணிக்காரர் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. செடியைப் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது, செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவர வேண்டும் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பையில் வந்த செடி வியர்த்துப்போய் இலை கறுத்துவிடும். அதன்பிறகு அதற்குப் பெயர் கண்டுபிடி என்று என் தலையில் கட்டுவார்கள். இருபத்தாறு வருடமாக இந்த உலர்தாவரக் கூடத்தில் எனக்கு இதுதான் வேலை. செடியைப் பார்த்துப் பெயர் சொல்வேன், காயவைத்துத் தாளில் ஒட்டுவேன், இரும்பு அலமாரியில் அடுக்குவேன். என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னைக் காஞ்சொறி என்பார்கள். தொட்டால் அரிக்கிற செடி. பெயர் பொருத்தம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை.

"கோவிச்சுக்காதீங்க மேடம்," என்றார் அவர். கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. "ஓடைக்குள்ள நின்னுக்கிட்டு எங்க பேப்பர் மடிக்கிறது? கீழ ஈரப்புல்வெளி முழுக்க இதுதான் படர்ந்து கிடக்கு. பூ பாருங்க, எவ்வளவு அழகு!"

அழகுதான். காம்பின் நுனியில் பத்துப் பன்னிரண்டு பூக்கள் வட்டமாக, சின்ன மகுடம் வைத்தாற்போல் நின்றன. பாதி ரோஜா நிறம், பாதி வெள்ளை. பூவைப் பார்த்ததுமே பட்டாணிக் குடும்பம் என்று யாரும் சொல்லிவிடலாம். மேலே ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்று, கீழே படகுபோல் ஒன்று. ஆனால் அந்தக் குடும்பம் பெரிய குடும்பம். எனவே நான் பூவைப் பார்ப்பதில்லை, முதலில் இலை நுனியைத்தான் பார்ப்பேன். எங்கள் மண்ணிலேயே பிறந்த காட்டுப் பட்டாணிக்கு இலையின் நுனி மெல்லிய சுருளாக, பற்றுக்கம்பியாக நீண்டு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் செடிக்கு அப்படி ஒன்றும் இல்லை. நுனியிலும் ஒரு சிற்றிலை, அவ்வளவுதான். காயைத் தேடினேன். மெலிந்து, நான்கு விளிம்போடு, கணுக்கணுவாக இருந்தது. விரலால் அழுத்தியதும் கணுவில் ஒடிந்தது.

மகுடக்கொடி. லத்தீன் பெயர் வேறு. நாங்கள் கூடத்தில் இப்படித்தான் சொல்வோம். வேறு எங்கிருந்தோ மண்ணரிப்பைத் தடுக்கவென்று கொண்டுவரப்பட்ட கொடி. மண்ணைப் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். கூடவே தன் கீழே இருக்கும் எல்லாவற்றையும் போர்த்தி மூடிக் கொன்றுவிடும். விதை மண்ணுக்குள் பதினைந்து வருடம் காத்திருக்கும்.

"நம்ம காட்டுப் பட்டாணிதானே மேடம்? புல்வெளியில நல்லா பெருகியிருக்குன்னு எழுதிடலாமா?"

"கண்ணை எங்க வச்சிருக்கீங்க? காட்டுப் பட்டாணின்னா பற்றுக்கம்பி எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா எனக்குப் புரியலையே. ஓடையோடவே மேல ஏறிப் பார்த்தேன். உங்க தம்பி வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சரிவுலதான் போய் முடியுது. அங்க இருக்கிறது காட்டுப் பட்டாணின்னு ஆறு வருஷம் முன்னாடி நீங்களே பேர் சொல்லித் தாள் போட்டிருக்கீங்க. பதிவேட்டுல பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவர் முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பாவம், என்மேல் முழு நம்பிக்கை வைத்துப் பேசினார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

தம்பியின் வீடு மலையடிச் சரிவில் இருக்கிறது. அவன் தையற்காரன். ஏழு வருடத்துக்கு முன் மழையில் பின்சரிவு சரிந்து, சேறு ஜன்னலை உடைத்துக்கொண்டு பின்னறைக்குள் வந்தது. அவன் மகள் கட்டில் அந்த அறையில்தான். அன்று அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அதனால் இருக்கிறாள். அதற்கப்புறம் தூறல் போட்டாலே அவனுக்குக் கை ஓடாது, கால் ஓடாது. பிறகுதான் சரிவில் அந்தக் கொடியை வைத்தான். அது படர்ந்தபின் ஒரு கைப்பிடி மண்கூட இறங்கவில்லை.

புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். தம்பி என்று சொல்லவில்லை. புல்வெளியில் இருப்பது வெளியிலிருந்து வந்த கொடி மாதிரி இருக்கிறது, உறுதி செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"நாலு மணிக்குள்ள எழுத்துல குடுங்க," என்றார். "வெளிக்கொடின்னா விதி தெரியும்ல? ஓடைக்கு மேல அது எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பத்து நாள்ல வேரோட எடுத்தாகணும்."

"சார், மழை முடிஞ்சு எடுக்கலாமே? சரிவுல இருந்தா மண்ணு..."

"மழைதானே விதையைக் கீழ இறக்குது? மழைக்கு முன்னாடி எடுக்கலைன்னா எடுத்து என்ன பிரயோஜனம்?"

அவர் சொன்னது சரி. அந்த விதியைப் போட்ட கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் நானே. புல்வெளியில் காட்டுப் பட்டாணி இன்னும் மிச்சமிருப்பது ஒரு முற்றம் அளவு இடத்தில்தான். இன்னொரு மழைக்கு அதுவும் இருக்காது.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தேன், தேநீர் போட்டேன், குடிக்காமல் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன், மேகத்தைப் பார்த்து மூடினேன். ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் காவலாளியிடம் சத்தம் போட்டேன். ஒரு கேவலமான எண்ணம் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. காட்டுப் பட்டாணி என்று எழுதிவிட்டால் என்ன? யார் வந்து கேட்கப் போகிறார்கள்? நான் சொன்னால் அதுதான் பெயர். என் பழைய தாளே சாட்சி. தம்பி நிம்மதியாகத் தூங்குவான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த எண்ணத்தை விரட்ட மனம் வரவில்லை.

கடைசியில் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். பட்டாணிக் குடும்பம் பதினோராவது அலமாரி. வலது மூலையில் என் கையெழுத்தில் சீட்டு: காட்டுப் பட்டாணி. கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயர். அன்று தம்பி இதைத் தானே அழுத்திக் காயவைத்து, செய்தித்தாளுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். சின்ன வயதில் நான் செடி அழுத்தும்போது மேலே ஏறி உட்காருவது அவன் வேலை. ஐந்து செடிக்கு ஒரு மிட்டாய் கூலி. 'பாருக்கா, மறக்கல' என்று நீட்டினான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நிமிடம் பார்த்திருப்பேன். இலை நுனியில் பற்றுக்கம்பி இருந்தது. பூ உதிர்ந்து பழுப்பாக ஒன்றிரண்டுதான் மிச்சம். காய் கிடையாது. காய் இல்லாமல் பெயர் எழுதாதே என்று மற்றவர்களை வறுத்தெடுக்கிறவள், தம்பியின் செடி என்றதும் எழுதிவிட்டேன்.

இப்போது லென்ஸை வைத்துக் கீழேயிருந்து மேலே போனேன். அடித்தண்டில் இலைகள் எல்லாம் நுனி தெரியாதபடி மடித்து உள்ளே சொருகப்பட்டிருந்தன. மேல்பகுதி இலைகளில் மட்டும் அழகாகப் பற்றுக்கம்பி. நடுவில், தண்டு தாளிலிருந்து எழும்பாமல் இருக்க நானே ஒட்டிய வெள்ளைக் காகிதப் பட்டை. சொட்டு வெந்நீர் விட்டு, பட்டை ஊறியதும் ஊசியால் தூக்கினேன்.

அடியில் தண்டு ஒன்றல்ல, இரண்டு. படர்கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், சேகரிப்பவர் தெரியாமல் இரண்டையும் ஒரே செடி என்று பறித்துவிடுவார். எங்கள் தொழிலில் இது பழைய தவறு. அப்படித்தான் இதுவும் என்று நினைத்து ஒரு நொடி மூச்சு விட்டேன். பிறகு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மேல்தண்டின் அடி சாய்வாக, பிசிறில்லாமல், கத்தரிக்கோலால் ஒரே வெட்டில் வெட்டப்பட்டிருந்தது. கீழ்த்தண்டின் கணு எங்கே முடிகிறதோ அங்கே அச்சாகப் பொருந்தியிருந்தது. கட்டம் போட்ட துணியில் கட்டத்தோடு கட்டம் சேர்த்துத் தையல் தெரியாமல் இணைக்க எங்கள் ஊரில் ஒருவனுக்குத்தான் கை உண்டு.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தம்பி பின்னறையில் தைத்துக்கொண்டிருந்தான். அங்கேதான் மெஷின். தைக்கும்போது ஜன்னல் வழியாகச் சரிவு தெரிய வேண்டும் அவனுக்கு. வெளியே சரிவு முழுக்க ரோஜாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. எப்போதும் அவன்தான் என் வீட்டுக்கு வருவான்; இது பூத்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வேறு ஒரு புல்கூட இல்லை. மேஜைமேல் யாருடைய பள்ளிச் சீருடையோ பாதித் தையலில் இருந்தது.

"என்னக்கா இந்த நேரத்துல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

தாளை மெஷின்மேல் வைத்தேன். பட்டை தூக்கிய இடத்தைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். வெட்டைப் பார்த்தான். மிதியிலிருந்து காலை எடுத்தான்.

"காதுல பூ சுத்துவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்டா. நீ நிஜப் பூவையே கொண்டாந்து சுத்தியிருக்கே."

"அக்கா..."

"என் கண்ணுல மண்ணைத் தூவுறதுக்கு என் பாடத்தையே எடுத்துக்கிட்டியா? அக்கா முதல்ல இலை நுனியைத்தான் பார்ப்பான்னு உனக்குத் தெரியும். வேற எவனுக்குடா தெரியும்?"

அவன் மறுக்கவில்லை. மறுப்பான், நான் கத்தலாம் என்று வந்தேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

"தோட்ட வேலைக்காரர் ஒருத்தர் குடுத்தார்," என்றான். "மண்ணைப் பிடிக்க இதைவிட ஒண்ணு கிடையாது, ஆனா வெளியிலேர்ந்து வந்தது, அனுமதி வேணும்னார். அனுமதி யாரு குடுக்கணும்? உங்க கூடம். கூடம்னா யாரு? நீ. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான். காட்டுப் பட்டாணின்னு நீ பேர் சொல்லிட்டா அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க." சீருடையை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "நீ மறுநாள் வந்தேக்கா. நாங்க அள்ளி முடிச்சப்புறம் வந்தே. அவ தலைகாணி மேல இவ்வளவு மண்ணு." கையை மார்புவரை உயர்த்திக் காட்டினான். "அதுக்கு நடுவுல அவ செருப்பு ஒண்ணு தெரிஞ்சுது. அவ ஸ்கூல்ல இருக்கான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையாலேயே தோண்டினேன். அப்புறம் ஆறு மாசம் மழை சத்தம் கேட்டா அவளைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு ஓடுவேன். புல்லு வச்சேன், மூங்கில் வச்சேன், ஒண்ணும் நிக்கல. இது நின்னுது."

எனக்குக் கோபம் போகவில்லை. அதற்குமேல் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு வருடம் இவன் என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கூடத்து அலமாரியில் இந்தத் தாள் இருப்பது தெரிந்தே வந்திருக்கிறான். என் பிறந்தநாளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறான். எனக்கு ஒன்றும் தெரியாது.

"இது கீழ இறங்கிடுச்சுடா. புல்வெளி முழுக்கப் போயிடுச்சு. நீ வெட்டி ஒட்டினியே காட்டுப் பட்டாணி, அதை எங்க பறிச்சே?"

"அங்கதான்."

"அங்க இப்போ அது முக்கால்வாசி செத்துப்போச்சு. இதுக்கு அடியில."

ஜன்னலைப் பார்த்தான். "எடுக்கச் சொல்வாங்களா?"

"பத்து நாள்ல. வேரோட."

"மழை வருதேக்கா."

"தெரியும்."

"நீ எழுதினா எடுப்பாங்க. எழுதலைன்னா?"

அவன் அதைக் கெஞ்சலாகக் கேட்கவில்லை. துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்பது மாதிரி கேட்டான். காலையிலிருந்து நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இன்னொரு வாயிலிருந்து கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"எழுதறதுன்னா உண்மையை எழுதுக்கா," என்றான். "நீ தப்பா சொன்னேன்னு எழுதாதே. தம்பி ஏமாத்தினான்னு எழுது. இருபத்தாறு வருஷத்துல நீ ஒரு பேர் தப்பா சொன்னதில்லேன்னு நான் கஸ்டமர்கிட்டல்லாம் பீத்திப்பேன்."

கூடத்துக்குத் திரும்பியபோது மூன்றே கால். அறிக்கையை எழுத இருபது நிமிடம் ஆனது. புல்வெளியில் படர்ந்திருப்பது மகுடக்கொடி, வெளியிலிருந்து வந்தது. ஓடைக்கு மேலே, இன்ன சரிவில் இருப்பதும் அதுவே. விதிப்படி அகற்றப்பட வேண்டும். அகற்றும் அன்றே சரிவில் சாக்கு வலையும் முளைக்குச்சியும் போட வேண்டும் என்று கீழே சேர்த்தேன். அதிகாரியை அழைத்து, அது என் தம்பி வீடு என்றும் சொல்லிவிட்டேன். வலை போட ஆள் அனுப்புவதாகச் சொன்னார். பிடிக்குமா என்று கேட்டேன். பெரிய மழை வராவிட்டால் பிடிக்கும் என்றார்.

அறிக்கையைவிட சீட்டுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் தப்பென்று தெரிந்தால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அதை அப்படியே விட்டு, பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும். யார் எப்போது என்ன தப்பாகச் சொன்னார்கள் என்பது தாள் இருக்கும்வரை இருக்கும். மற்றவர்களுடைய தாள்களில் அப்படி நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன், ஒட்டும்போது கொஞ்சம் சந்தோஷமும் பட்டிருக்கிறேன். என் தாளில் இதுதான் முதல் தடவை.

பென்சிலால் கீழ்த்தண்டின் பக்கத்தில் 'அ' என்றும் மேல்தண்டின் பக்கத்தில் 'ஆ' என்றும் குறித்தேன். புதுச் சீட்டில் எழுதினேன். 'அ: மகுடக்கொடி. ஆ: காட்டுப் பட்டாணி. இரண்டு செடிகள் ஒரே தாளில் ஒட்டப்பட்டுள்ளன.' ஒட்டப்பட்டுள்ளன என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இணைத்தவன் அவன். கணு சேரும் இடத்தில் பட்டையை ஒட்டி மூடியது என் கை. ஒரு தடவை ஊசியால் தூக்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் நிச்சயம் தூக்கிப் பார்த்திருப்பேன். கண்டறிந்தவர் என்ற கடைசி வரியில் என் பெயரை நிரப்பினேன். கறுப்பு மையில், பழைய சீட்டில் இருந்த அதே கையெழுத்தில். களப்பணிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார், படித்தார், எனக்கு இன்னொரு தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்தேன்.

நாலரைக்குத் தம்பியை அழைத்தேன்.

"மூட்டை கட்டு," என்றேன். "நீ, உன் பொண்டாட்டி, பொண்ணு, மூணு பேரும் கிளம்பி என் வீட்டுக்கு வாங்க. மழை முடியற வரைக்கும் அங்கதான்."

"உன் வீட்டுலயா?" என்றான். "உன்கூடவா? அதுக்கு மலை சரிஞ்சாலே தேவலை."

"வாயை மூடு. கட்டில்மேல செடிக் கட்டு இருக்கு, நானே எடுத்து வைக்கிறேன். உன் பொண்ணை எதையும் தொட வேண்டாம்னு சொல்லு."

"சொன்னா கேட்கிற ஜாதியா அது? உன்னை மாதிரிதானே இருக்கு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் பக்கத்தில் மழைக்கு முந்தைய காற்றில் ஏதோ கதவு அடித்துக்கொண்டிருந்தது. "அக்கா, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என் பேரைப் போட்டியா?"

"சீட்டுல ஒரு பேருக்குத்தான்டா இடம் இருக்கு."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், ஜன்னல் கண்ணாடியில் விழுந்த முதல் துளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மெஷினையும் மறக்காம எடுத்துட்டு வா," என்றேன். "ஜன்னல் பக்கம் போட்டுக்கோ. என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும்."